மில் சாம்பலைவிட முதலில் அந்தக் கதவுத் தூசியைக் கவனியுங்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 26 வயது. முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். புதுவயல் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்தெருவில் இருக்கிறோம். மாடியில் துணி காயப்போட்டால் உமிக்கரி படிந்துவிடும். எங்கள் தெருவில் ஐந்து வருடத்துக்குள் ஐந்து பேருக்குப் புற்றுநோய். ஒரு அக்காவுக்கு மார்பில், ஒரு அப்பத்தாவுக்குக் கர்ப்பப்பை வாயில், ஒரு பெரியவருக்கு வாயில், இன்னொருவருக்கு இரைப்பையில், ஏழு வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். எல்லாம் மில் புகைதான் என்று பேசிக்கொள்கிறார்கள். பையனின் அம்மாவிடம், "உண்டாகியிருந்தப்ப என்னத்தைத் தின்னே?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா தேவகோட்டைக்கு வந்துவிடச் சொல்கிறார். வளைகாப்புக்கு முன்னால் போகிற பழக்கம் இல்லை என்கிறார் அத்தை. அத்தை விறகடுப்பில்தான் சமைப்பார். வீட்டுக்காரர் காரைக்குடியில் பழைய கதவு, தூண் வாங்கி விற்கும் கடையில் பெயின்ட் உரிக்கும் வேலை பார்க்கிறார். வளைகாப்புக்காக எங்கள் வீட்டுக் கதவுகளையும் இப்போது அவரே சுரண்டிக்கொண்டிருக்கிறார். என் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா? நான் இங்கே இருக்கலாமா?
ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மில்லைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். கதவு சுரண்டுவதைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி. என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான்.

அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைக்குப் போங்கள், இந்த வாரமே போங்கள். மில்லுக்குப் பயந்து போக வேண்டியதில்லை. வீட்டில் கதவு சுரண்டும் வேலை நிற்க வேண்டும், விழுந்த தூசியை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். அதுவரை நீங்கள் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். துடைத்து முடித்தபிறகு திரும்பி வந்து, வளைகாப்பு நடக்கும்போது அத்தை வீட்டிலேயே இருங்கள். பழக்கமும் கெடாது, பிள்ளைக்கும் நல்லது. அத்தையிடம் இந்தப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டுங்கள். பேரப்பிள்ளைக்காக என்றால் அவர் மறுக்க மாட்டார்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்கிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலையும் கதவும் பெரும்பாலும் பர்மா தேக்கு. அதன்மேல் தலைமுறைக்கு ஒரு கோட் என்று பெயின்ட் ஏறியிருக்கும். நிறம் நிற்கவும், சீக்கிரம் காயவும், வெயில் மழைக்குத் தாங்கவும் பெயின்டில் காரீயம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். வீட்டுப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016ல் தான் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1 முதல். அதற்கு முன்னால் அடித்த எந்தப் பெயின்டிலும் காரீயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கதவோடு ஒட்டியிருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மாவு மாதிரி பறந்து தரை, பாய், தலையணை, தண்ணீர்க் குடம் என்று எல்லாவற்றிலும் படியும். ஹீட் கன் வைத்து உரித்தால் சூடு மிஞ்சும்போது புகையாகவே மூச்சில் போகும். வாசனையும் தெரியாது, இருமலும் வராது. கையில் ஒட்டி, சோற்றோடு வாய்க்குள் போவதுதான் அதிகம்.

(நான் சொல்வது காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். அத்தையிடம் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல சொம்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவார்.)

உடம்புக்குள் போன காரீயம் ரத்தத்தில் சில வாரங்கள்தான் இருக்கும். அப்புறம் எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு பல வருடம் அங்கேயே கிடக்கும். கர்ப்பத்தில் பிள்ளையின் எலும்புக்குக் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் போதாவிட்டால் உடம்பு அதைத் தாயின் எலும்பிலிருந்து எடுக்கும். அப்படி எடுக்கும்போது பழைய காரீயமும் கூடவே கரைந்து வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை, தாயின் ரத்தத்தில் இருப்பது பிள்ளைக்கும் போய்விடும். அளவு கூடினால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்தக் கொதிப்பு என்று பல சிக்கல்கள் வரும். அளவு குறைவாக இருந்தாலும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று உலகின் பல ஊர்களில் பிறப்பிலிருந்து பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்குக் கீழே போனால் கவலையில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவரவில்லை. புற்றுநோய்க் கணக்கிலும் இது வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி, கனிம வகைக் காரீயச் சேர்மங்களை 2006ல் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்று வலுவான சந்தேகப் பட்டியலில் சேர்த்தது.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும், நாளைக்கே உங்கள் கையால் நிறுத்தக்கூடியது இது ஒன்றுதான். 'ரத்தத்தில் காரீய அளவு' பார்க்க ஒரு பரிசோதனை போதும். அடுத்த முறை செக்கப் போகும்போது உங்கள் டாக்டரிடம் வீட்டுக்காரரின் வேலையைச் சொல்லி எழுதி வாங்குங்கள். பெரிய லேப்களின் கிளைகளில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துத் தருவார்கள். டெசிலிட்டருக்கு (100 மில்லி ரத்தத்துக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதல். பெரும்பாலானவர்களுக்கு மருந்து தேவைப்படாது, தூசியை நிறுத்துவதே வைத்தியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் விடாமல் சாப்பிடுங்கள். இரண்டையும் ஒரே வேளையில் போடாதீர்கள், கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒன்று காலையில் என்றால் மற்றது ராத்திரி. கேழ்வரகு, மோர், முருங்கைக்கீரை நம் வீட்டில் இருப்பதுதானே.

இன்னொன்று. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் பஸ்பம், செந்தூரம் எதையும் பிரசவம் வரைக்கும் தொடாதீர்கள். 2011, 2012ல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்து சாப்பிட்டவர்கள் அவர்கள்.

சரி, இப்போது தெருவுக்கு வருவோம்.

முதலில் அந்தப் பையனின் அம்மா. அவரிடம் "என்னத்தைத் தின்னே" என்று கேட்பவர்களை நிறுத்தச் சொல்லுங்கள், உங்களால் முடிந்த அளவு சத்தமாகவே சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலானவற்றுக்கு யாராலும் காரணம் காட்ட முடிவதில்லை. ரத்த அணுக்கள் பிரிந்து பெருகும்போது தற்செயலாக நேரும் பிழைதான் அதிகம். பப்பாளி தின்றதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, மில் பக்கம் நடந்ததாலோ அந்த நோய் வருவதில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலையும் ஒரு தாய்க்கு அந்தக் கேள்வி இன்னொரு நோய். சிகிச்சையைப் பாதியில் விடாமல் முழுதாக முடித்தால் குணமாகும் வாய்ப்பு இந்த நோயில் நன்றாகவே இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் போனாலே தெரு செய்யும் பெரிய உதவி.

ஐந்து பேருக்கும் மில்தான் காரணமா? அப்படிச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. காரணத்தை விளக்குகிறேன். புற்றுநோய் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அவை பல நோய்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹெச்பிவி என்னும் வைரஸ் காரணம். வாய்ப் புற்றுநோய்க்கு நம் ஊரில் முதல் சந்தேகம் புகையிலை. புகையிலை இல்லாமல் வெற்றிலை பாக்கு போட்டாலும் ஆபத்து உண்டு, பாக்கையே ஐஏஆர்சி 2004ல் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. இரைப்பையில் ஒரு பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்பகத்துக்கு வயது, பரம்பரை, ஹார்மோன் என்று பல வழி. காற்று மாசு புற்றுநோய் உண்டாக்கும் என்பதும் உண்மைதான், 2013ல் ஐஏஆர்சி அதை உறுதிப்படுத்தியது. ஆனால் அங்கே உறுதியானது நுரையீரல் புற்றுநோய். உங்கள் தெருப் பட்டியலில் நுரையீரல் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? ஒரே புகை ஐந்து பேரை ஐந்து விதமாகத் தாக்கி, தான் வழக்கமாகத் தாக்கும் இடத்தை மட்டும் விட்டுவைத்தது என்பது பொருந்தவில்லை.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்பது நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு போட்ட கணக்கு. ஆக எந்தத் தெருவும் தப்பாது. ஐந்து வருடத்தில் ஒரு சின்னத் தெருவில் ஐந்து பேர் என்பது சராசரியைவிடக் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் தெருக்கள்! சிலவற்றில் ஒருவருக்கும் வராது, சிலவற்றில் ஐந்து பேருக்கு வரும். புள்ளிகளைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி கோலம் இழுத்தால் எந்த உருவமும் வரும். நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு 'இதுதான் தெரு' என்று எல்லை போடுவதும் அதேதான். அமெரிக்காவில் இப்படிச் சந்தேகப்பட்ட ஊர்களில் இருபது வருடமாக நடந்த 428 விசாரணைகளை 2012ல் தொகுத்துப் பார்த்தார்கள். தெளிவான காரணம் கிடைத்தது ஒன்றே ஒன்றில்தான்.

அப்படியென்றால் சுற்றுச்சூழலுக்கும் கருவில் இருக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேல் இருந்தது. இன்றைக்கு அனுமதி 10தான். அந்தக் காலத்தில் கருவில் இருந்தவர்களும் சிறு பிள்ளைகளாக இருந்தவர்களும் பெரியவர்களானபோது, இளம் வயதிலேயே நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுத்து உறையவைத்து, அவர்களையும் பிள்ளைகளையும் ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். தாயின் ரத்தத்தில் டிடிடி என்னும் பூச்சிமருந்து மிக அதிகமாக இருந்த மகள்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று 2015ல் தெரியவந்தது. இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற டாக்டர் 1950களில், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரையும் நல்லபடியாக இருக்கும் குழந்தைகளின் தாய்மாரையும் தேடிப்பிடித்து ஒரே கேள்விகளைக் கேட்டார். கர்ப்பத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார். மருத்துவ உலகம் அவரை நம்பப் பல வருடம் ஆனது. இன்று கர்ப்பிணிக்குச் சும்மா எக்ஸ்ரே எடுக்காமல் இருப்பதற்கு அவர்தான் காரணம். (உங்கள் ஐந்தாம் மாத ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, அது ஒலி அலை. அதைத் தவறவிடாதீர்கள்.)

இந்த மூன்றிலும் யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், அல்லது நோய் வராதவர்களையும் சேர்த்துக் கேட்டார்கள். தெருவில் நோய் வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஒன்றும் தெரியவராது. அதற்குத்தான் பதிவேடு. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம்தான் 1982 முதல் சென்னையின் புற்றுநோய்க் கணக்கை எழுதிவருகிறது, இப்போது மாநிலம் முழுவதற்கும் பதிவேடு உண்டு. உங்கள் தெருக்காரர்கள் சிகிச்சைக்குப் போகும்போது முழு முகவரியையும், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், மில்லில் வேலை செய்தார்களா என்பதையும் சரியாகச் சொன்னாலே பெரிய காரியம். வெறும் 'காரைக்குடி' என்று எழுதிவிட்டு வந்தால் உங்கள் ஊர் கணக்கில் வராமலே போய்விடும்.

மில் புகையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலேயே ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தது. காற்றில் பிஎம் 2.5 என்னும் நுண்தூசி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது என்று அதில் தெரிந்தது. உங்கள் ஒரு பிள்ளைக்கு 4 கிராம் ஒன்றுமேயில்லை. ஊர் முழுக்க, வருடாவருடம் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பார்த்தால், ஏற்கெனவே எடை குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளில் இன்னும் பலர் எல்லைக்குக் கீழே போகிறார்கள். அதனால் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் கொடுக்கலாம். மனுவில் புற்றுநோயை எழுதாதீர்கள். எழுதினால் 'நிரூபியுங்கள்' என்ற ஒரு வார்த்தையில் மனு விழுந்துவிடும். எந்தெந்தத் தேதியில், எந்த நேரத்தில் சாம்பல் விழுந்தது, துணியில் படிந்த கரியின் போட்டோ, நெல் அவித்த தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று மட்டும் எழுதுங்கள். உமி எரிக்கும் பாய்லரில் சாம்பலைப் பிடிக்கும் அமைப்பு வைத்து ஓட்ட வேண்டியது மில்காரரின் பொறுப்பு, அதை நிரூபிக்க யாருக்கும் நோய் வரவேண்டிய அவசியமில்லை.

அத்தையின் விறகடுப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அடுப்படிப் புகை பல வீடுகளில் தெருப் புகையைவிட அதிகம். இதிலும் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவில் அது நடந்தது நம் தமிழ்நாட்டில்தான். பழைய அடுப்பிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்தூசி 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, கேஸ் அடுப்பு பெற்றவர்களுக்கு அது 24தான், ஆனாலும் 2022ல் வந்த முடிவில் குழந்தைகளின் எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கர்ப்பத்தின் நடுவில் மாற்றியது போதவில்லையோ என்னவோ, விவாதம் நடக்கிறது. என் அபிப்பிராயம், உங்கள் கண்ணுக்கும் நெஞ்சுக்கும், அத்தையின் நுரையீரலுக்கும் கேஸ் அடுப்புதான் நல்லது. கேஸ் இருந்தால் பயன்படுத்துங்கள். வெந்நீர் அடுப்பைப் புழக்கடைக்குத் தள்ளுங்கள், ஊதாங்குழலை நீங்கள் எடுக்காதீர்கள். ஆனால் நேற்றுவரை விறகில் சமைத்ததற்காக அழ வேண்டாம்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரருக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், எத்தனை வீட்டுக் கதவும் தூணும் அங்கே வந்து இறங்குகின்றன என்று. அதில் கை வைப்பவர்களுக்குத்தான் முதல் ஆபத்து. காய்ந்த மேனிக்குத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துச் சுரண்ட வேண்டும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இந்தத் தூசியைத் தடுக்காது, என்95 வேண்டும். கை கழுவாமல் டீ, பீடி, வெற்றிலை கூடாது. வேலைச் சட்டையைக் கடையிலேயே மாற்றிவிட்டு வர வேண்டும். முடியாவிட்டால் புழக்கடையில் கழற்றி, தலை உட்படக் குளித்துவிட்டு வீட்டுக்குள் வரட்டும். அந்தச் சட்டையை உங்கள் துணியோடு சேர்க்காமல் அவரே துவைக்கட்டும், நீங்கள் உதறக்கூடாது. உங்கள் வீட்டுக் கதவை இனிமேல் சுரண்ட வேண்டாம். சுரண்டாமல் மேலேயே ஒரு கோட் அடித்தால் வளைகாப்புக்குப் போதும், பெயின்ட் நெடி போனபிறகு நீங்கள் வாருங்கள். இதுவரை விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் திரும்பவும் பறக்கும், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையே எறிந்துவிட வேண்டும். அதைச் செய்ய வேண்டியவரும் அவர்தான்.

உங்களுக்கு ரத்தம் எடுக்கும் அன்றைக்கே அவருக்கும் எடுங்கள். அவர் அளவு அதிகமாக இருந்தால், அதே பட்டறையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும், அவர்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்ததும் இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.